அடங்கலில் ஒரு செடி

கஞ்சாச் சட்டத்தைத் தளர்த்தலாமா கூடாதா என்று இப்போது தொலைக்காட்சியில் நான்கு பேர் உட்கார்ந்து கத்துகிறார்கள். கீழே ஒரு பட்டை ஓடுகிறது. ஆம் என்றால் ஒரு எண்ணுக்கு அனுப்ப வேண்டுமாம், இல்லை என்றால் இன்னொரு எண்ணுக்கு. நான் எதற்கும் அனுப்புவதில்லை. இந்த விஷயத்தில் நான் ஏற்கெனவே அரசாங்கத் தாளில், என் கையெழுத்தில், தேதியிட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோவும் வாங்கியாகிவிட்டது.

நான் தாசில்தாராக ஓய்வு பெற்றவன். சேர்ந்தது கிராம நிர்வாக அலுவலராக. பரம்பரைக் கணக்குப்பிள்ளைகளை அரசாங்கம் ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தேர்வு வைத்து எங்களை எடுத்த காலம். மன்னார்குடியில் எம்.ஏ. பொருளாதாரம் முடித்திருந்தேன். என் அப்பாவும் அம்மாவும் வேறொரு தாலுக்காவில் பண்ணையில் நாற்று நட்டவர்கள். அவர்களைப் போன்றவர்களின் வாழ்க்கையை எழுதும் கணக்குகள் இனி என் கையில் என்கிற நினைப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. வேலை கிடைத்தது வெண்ணாற்றுப் பாசனத்தில், கடைமடையில் ஒரு கிராமத்தில்.

அடங்கல் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று எழுதும் கிராமக் கணக்குதான் அடங்கல். மாதா மாதம் வயல் வயலாக நடந்துபோய்ப் பார்த்து எழுத வேண்டும். அதில் 'சாகுபடி செய்பவர்' என்று ஒரு கட்டம் உண்டு. குத்தகைக்காரரை நிலத்தைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று சென்னையில் சட்டம் போட்டுக் கை தட்டினார்கள். யார் குத்தகைக்காரர் என்பதை மட்டும் இந்தச் சின்னக் கட்டத்திடம் விட்டுவிட்டார்கள். கட்டத்தை நிரப்பிய பழைய கணக்குப்பிள்ளை, நிலக்காரர் வீட்டில் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவர். இந்த மாவட்டத்தில் மண்டை உடைந்ததும் குடிசை எரிந்ததும் கடைசியில் இந்தக் கட்டத்துக்காகத்தான் என்று நான் சொன்னால், என்னோடு வேலை பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

அந்தக் கிராமத்தில் ஒரு பெரியவர் இரண்டு மா நிலத்தைக் குத்தகைக்கு உழுது வந்தார். இரண்டு மா என்பது முக்கால் ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. அறுவடைத் தகராறில் திருச்சி சிறையில் நாற்பது நாள் இருந்தவர். திரும்பி வந்த பிறகு பதினொரு வருடம், அவருடைய வயலுக்கு நேரே 'சொந்தம்' என்றே எழுதப்பட்டு வந்தது. அதாவது நிலக்காரரே சேற்றில் இறங்கி உழுகிறாராம். அந்த நிலக்காரர் செருப்பைக் கழற்றி நான் பார்த்ததில்லை. குத்தகையைப் பதிவு செய்யக் கேட்டுப் பெரியவர் போட்ட மனு தாலுக்கா அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. நிலக்காரர் தரப்பு பதில் ஒரே வரி: 'இவர் என் குத்தகைதாரரே அல்ல.'

நான் போன முதல் மார்கழியில் பெரியவருக்கு உடம்பு சரியில்லை. அவர் மனைவிதான் வயலில் நின்றார். சம்பாவில் கதிர் தள்ளியிருந்தது.

"எங்க பேரு இருக்கா சார் அதுல?"

"இருக்கும்மா. சாகுபடி செய்பவர்னு உங்க வீட்டுக்காரர் பேரை எழுதியிருக்கேன்."

"எங்க, காட்டுங்க."

காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார்.

"இன்னும் என்னல்லாம் எழுதுவீங்க?"

"வயல்ல நிக்கிறதை எல்லாம்."

"அப்ப ஒண்ணு வுடாம எழுதுங்க. முன்னால இருந்தவரு எங்களையே வுட்டுட்டாரு."

என்னை வரப்பு வரப்பாகச் சுற்றிக் காட்டினார். தென்னை இரண்டு. வரப்புத் துவரை. வடகிழக்கு மூலையில், வாய்க்கால் கரையோரம் ஒரு பூவரசு. அதன் அடியில் செங்கல் மேல் ஊன்றிய ஒரு வேல். அதுதான் அந்தத் தெருவின் வீரன். வீரனுக்குப் பின்னால் ஆள் உயரத்தில் ஒரு செடி.

"இது?"

"சாமி செடி."

"பேர் என்ன?"

"கஞ்சா. வருசம் ஒருக்கா படையல்ல சுருட்டு, சாராயம், அவிச்ச முட்டை, இது ஒரு சிட்டிகை. எழுதிக்குங்க."

துளசி என்று சொல்வதுபோலச் சொன்னார். என்னோடு வந்த தலையாரி பலமாக இருமினார். "ஐயா, சாமி சமாச்சாரம். அது எதுக்குங்க கணக்குல?"

பயிற்சியில் எங்களுக்குச் சொன்னது, கண்ணால் கண்டதை எழுது என்று. அந்த அம்மாள் கேட்டது, ஒன்று விடாமல் எழுது என்று. எனக்கு வயது இருபத்தாறு. அந்த வயதின் நேர்மை எனக்கு இருந்தது. கலப்புப் பயிருக்கான இடத்தில் 'கஞ்சா, செடி ஒன்று' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

பழைய மதுவிலக்குச் சட்டத்தில் அது சின்னக் குற்றம். ஆனால் டெல்லியில் புதிதாக ஒரு சட்டம் வந்திருந்தது. செடி வளர்த்தாலே வருடக் கணக்கில் கடுங்காவல். அதன் நகல் எங்கள் தாலுக்கா அலுவலகத்துக்கும் வந்து சேர்ந்து, பத்திரமாக பீரோவில் வைத்துப் பூட்டப்பட்டிருந்தது.

வைகாசியில் ஜமாபந்தி. வருடத்துக்கு ஒருமுறை கிராமக் கணக்குகளைப் பெரிய அதிகாரி பந்தல் போட்டு உட்கார்ந்து தணிக்கை செய்வார்; சனங்கள் மனுவோடு வரிசையில் நிற்பார்கள். அதிகாரி என் அடங்கலைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நின்றார்.

"என்னய்யா இது, உளுந்து பயறு மாதிரி கஞ்சா எழுதி வச்சிருக்கே?"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றவர் ஒருவர்தான்: நிலக்காரரின் காரியஸ்தர். கக்கத்தில் குடையை இடுக்கிக்கொண்டு, நகல் கேட்டு அந்த இடத்திலேயே மனு எழுதினார். அடங்கல் நகலை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். மறுக்க எனக்கு அதிகாரம் இல்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதி, 'உண்மை நகல்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது நானேதான்.

அப்போதுதான் எங்கள் தாசில்தார் பீரோவைத் திறந்து புதிய சட்டத்தைப் படித்தார். என்னை உள்ளே கூப்பிட்டார்.

"தம்பி, போலீஸுக்கு எழுதினா யாரோ ஒருத்தர் ஜெயிலுக்குப் போகணும். எழுதலைன்னா நான் வீட்டுக்குப் போவேன். நீ எழுதினதுல யார் பேர் இருக்கு?"

"சாகுபடி செய்பவர்னு அவர் வீட்டுக்காரர் பேரு, சார். ஆனா அவர் படுத்த படுக்கை. வயலைப் பாக்குறது அந்தம்மாதான்."

"அப்ப ரெண்டு பேருமே. போய் விசாரிச்சு, அளந்து, ஊர்க்காரங்க வாக்குமூலத்தோட அறிக்கை குடு. அதைப் பாத்துட்டுத்தான் மேல எழுதுறதா வாணாமான்னு முடிவு."

அவர்களுக்கு எதிராக இருந்த ஒரே சாட்சி என் அழகான கையெழுத்து. அவர்களுடைய குத்தகைக்கு ஆதரவாக இருந்த ஒரே சாட்சியும் அதுவேதான். அந்தப் பதிவை அடித்தால் இரண்டும் போகும்.

மறுநாள் காலை பூவரசு நிழலில் விசாரணை. பழைய செடி காய்ந்துபோய், விழுந்த விதையில் அதே இடத்தில் இடுப்பளவு ஒரு புதுச் செடி நின்றது. நான் கேட்டது ஒரே கேள்வி: இந்தச் செடியை வைத்தது யார்? ஊரில் ஒருவர்கூட அதற்குப் பதில் சொல்லவில்லை. எல்லாரும் சட்டத்தைப் பற்றியே பேசினார்கள்.

"சாராயக் கடைய சர்க்காரே ஏலம் வுடுது," என்றார் டிராக்டர் ஓட்டுகிற ஒருவர். "அதுல வுளுந்து கெடக்குறவனத் தாண்டித்தான் நான் தெனம் வண்டி ஓட்டுறேன். வீரனுக்கு ஒரு சிட்டிகை எலைன்னா ஜெயிலா?"

"அப்ப கஞ்சாவுக்கும் ஒரு கடைய ஏலம் வுடச் சொல்றியா?"

"வுடட்டும். நீ எடு. ஒங்கடையில மொதக் கிராக்கி ஒம்மாமனாரு."

"எம்மாமனாருக்கு எதுக்குடா கஞ்சா? அந்தாளு தெளிவா இருக்கும்போதே அப்புடித்தான் பேசுவாரு."

"செடியா வெச்சா தப்புங்கிறாங்க. தானா மொளைச்சா?"

"தானா மொளைச்சத ஏன் கணக்குல எழுதுனாருன்னு கேளு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேனாவைப் பார்த்தேன்.

அதுவரை பேசாமல் இருந்தவர் இட்லிக்கடை அம்மாள். அவருடைய ஒரே மகன் கஞ்சாவில் விழுந்தவன். பூம்புகார் கடற்கரையில் சாமியார்களோடு உட்கார்ந்திருக்கிறான் என்றும், அம்மாவையே அடையாளம் தெரியவில்லை என்றும் சொல்வார்கள். அவர் எழுந்ததும் சிரிப்பு நின்றது.

"சிரிக்கிறீங்க எல்லாரும். ஒங்க வூட்டுல ஒருத்தன் போயிருந்தா சிரிப்பீங்களா?" என்னிடம் திரும்பினார். "எழுதிக்குங்க சார். அந்த எழவுச் செடிய வேரோட புடுங்கணும். இந்த ஊருல ஒரு எலை இருக்கக் கூடாது."

எழுதினேன். இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன். எதிர்சாட்சி கிடைத்துவிட்டது.

"முடியல, இன்னம் எழுதுங்க. செடியப் புடுங்கணும். ஆளப் புடிக்கக் கூடாது. எம்மவன போலீசு புடிச்சிக்கிட்டுப் போயி ஆறு மாசம் வெச்சிருந்துச்சு. உள்ள போம்போது பீடி குடிக்கிறவனாத்தான் போனான். வெளிய வந்தப்பதான் அவன் வேற ஆளு. இவள உள்ள போட்டா யாரு நல்லாவப் போறா?"

எங்கள் வாக்குமூலப் படிவத்தில் கருத்துக்கு இடம் இல்லை. உண்மைக்குத்தான் இடம். ஆனாலும் அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதி, படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கினேன். பிற்பாடு எவ்வளவோ அறிக்கைகள் படித்திருக்கிறேன், நிபுணர்கள் எழுதியது உட்பட. அந்த அம்மாள் நாலு வரியில் சொன்னதற்கு மேல் ஒன்றையும் நான் கற்றுக்கொள்ளவில்லை. தொலைக்காட்சிக்காரர்களுக்கு அனுப்பலாம் என்றால், அவர்களிடம் இரண்டு எண்கள்தான் இருக்கின்றன.

கூட்டம் கலைந்ததும் பெரியவரின் மனைவி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். பெரியவர் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். வயிற்றில் கட்டி. தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் அர்த்தம் என்ன என்று எல்லாருக்கும் தெரியும்.

"தம்பி," என்றார் அவர் மனைவி. அதுவரை சார் என்றுதான் கூப்பிட்டு வந்தார். "உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். சாமிக்கு வருசத்துல ஒரு நாளுதான். மிச்ச நாளெல்லாம் இவருக்குத்தான். நாலு எலைய நெய்யில வதக்கி, வெல்லத்தோட அரைச்சுக் குடுப்பேன். ஆஸ்பத்திரி மாத்திரையில அடங்காத வலி அதுல அடங்குது. தூங்குறாரு. தூங்குறப்ப மொகம் பழையபடி ஆயிடுது."

அவர் அப்படிச் சொன்னபோது கணவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். ஆனால் கை மட்டும் பெரியவரின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தது.

பெரியவர் கண்ணைத் திறந்தார். "எத்தன வருசமாம்?"

சொன்னேன்.

"திருச்சி ஜெயிலா? நல்ல ஜெயிலு. எனக்குப் பழகுனதுதான். ஆனா என்னைத் தூக்கிக்கிட்டுப் போவணும், நடக்க முடியாது." மூச்சு வாங்கினார். "இவளுக்குத்தான் பழக்கமில்ல. களி ஒத்துக்காது இவளுக்கு."

"ஆமா, இங்க தெனம் பிரியாணிதான் தின்னுக்கிட்டு இருக்கேன்," என்றார் மனைவி. பெரியவர் சிரித்தார். சிரித்ததில் வலி வந்து முகம் சுருங்கியது.

நான் வெளியே வந்து சங்கிலியைப் பிடித்து அளந்தேன். அந்த மூலையில் எல்லைக் கல் காணாமல் போய்ப் பல வருடம். விதிப்படி, பக்கத்தில் நிற்கும் கல்லிலிருந்து அளந்து எல்லையைக் கண்டுபிடிக்க வேண்டும். தெற்குக் கல்லிலிருந்து அளந்தால் செடி வயலுக்குள் வந்தது. மேற்குக் கல்லிலிருந்து அளந்தால் ஒரு சாண் வெளியே, வாய்க்கால் புறம்போக்கில், அதாவது அரசாங்க நிலத்தில் நின்றது. நில அளவையில் அனுமதிக்கப்பட்ட பிழை என்று ஒன்று உண்டு. இரண்டு அளவும் அதற்குள் அடங்கும். இரண்டுமே சரி.

மேற்குக் கல்லை எழுதினேன். முப்பத்து மூன்று வருட சர்வீஸில் நான் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த கல் அது ஒன்றுதான்.

அறிக்கை போனது: செடி எவருடைய சாகுபடியிலும் இல்லை, புறம்போக்கில் தானாக முளைத்தது, அடங்கலில் செடியைச் சேர்த்தது கிராம நிர்வாக அலுவலரின் கவனக் குறைவு. தாசில்தார் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். போலீஸுக்கு எழுதவில்லை. எனக்கு மெமோ எழுதினார். கூடவே, செடியைச் சட்டப்படி அகற்றி அறிக்கை தர ஓர் உத்தரவு.

காரியஸ்தரும் அதற்குள் சும்மா இருக்கவில்லை. குத்தகை நிலத்தைச் சட்டவிரோதமான பயிருக்குப் பயன்படுத்தியதால் வெளியேற்ற வேண்டும் என்று வருவாய் நீதிமன்றத்தில் மனுப் போட்டிருந்தார். நோட்டீஸைச் சேர்ப்பிக்க என்னிடமே அனுப்பினார்கள். பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டே பிரித்தேன். 'மனுதாரராகிய எனக்குச் சொந்தமான மேற்படி நிலத்தை, என்னிடம் குத்தகைக்குப் பெற்று நாளது தேதி வரை சாகுபடி செய்துவரும் எதிர்மனுதாரர்' என்று ஆரம்பித்தது. கீழே நிலக்காரரின் கையெழுத்து.

டீயை வைத்துவிட்டு மறுபடி படித்தேன். பதினொரு வருடம் இவர் குத்தகைதாரரே அல்ல என்று சொன்னவர், கஞ்சாவை அவர் தலையில் கட்டும் அவசரத்தில் தானே எழுதிக் கொடுத்துவிட்டார். குத்தகைக்காரர் இல்லை என்றால் வெளியேற்ற மனுப் போட முடியாது. போட்டுவிட்டால் குத்தகைக்காரர் இல்லை என்று சொல்ல முடியாது.

பெரியவரின் மனைவியிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: இந்த மனுவுக்கு நகல் வாங்கி, குத்தகைப் பதிவு விசாரணையில் கொடுங்கள். அந்த விசாரணைக்கு ஏற்கெனவே ஆனியில் ஒரு நாள் குறித்திருந்தது. பதினொரு வருடம் நகராத கோப்பு ஒரே உட்காரலில் முடிந்தது. செடி புறம்போக்கில் இருந்ததால் வெளியேற்ற மனுவும் நிற்கவில்லை.

உத்தரவைப் பெரியவரின் பாயருகே உட்கார்ந்து படித்துக் காட்டினேன். நிலக்காரர் எழுதிய வரி வந்தபோது அவர் கையைத் தூக்கினார்.

"அத இன்னொரு தரம் படிங்க."

படித்தேன்.

"அவரே எழுதுனாரா? அவரு கையாலயா?"

"கையெழுத்து அவருதுதான்."

மூன்றாவது முறையும் படிக்க வேண்டியிருந்தது.

ஆனால் செடி நின்றுகொண்டிருந்தது. புறம்போக்கில் இருப்பதை அகற்ற முதலில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். ஆட்சேபம் சொல்ல அவகாசம் தர வேண்டும். தலையாரி பூவரசில் நோட்டீஸை ஒட்டிவிட்டு, "வீரன் ஆட்சேபம் சொன்னா யாருங்க பதில் சொல்றது?" என்று கேட்டார். முதல் நோட்டீஸில் முத்திரை வைக்க மறந்தேன். இரண்டாவதில் சர்வே எண் தப்பு. சட்டப்படி இரண்டுமே செல்லாது. செயல்முறைகளை நன்றாகப் படித்தவனுக்குத் தப்பு செய்வதும் நன்றாக வரும். ஆனால் ஆடியில் தாசில்தாரிடமிருந்து சிவப்பு மையில் நினைவூட்டு வந்தது: இருபத்துநாலு மணி நேரத்தில் அகற்றி, நடந்ததைச் சாட்சி கையொப்பத்துடன் மகஜராக எழுதி அனுப்பு. இனி என்னிடம் தப்பு மிச்சமில்லை.

காலையிலேயே தலையாரியோடு போனேன். சாட்சியாக இட்லிக்கடை அம்மாளைக் கூப்பிட்டேன். செடியைப் பிடுங்கச் சொன்னவர் அவர்தானே. கடையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விட்டுவிட்டு வந்தார். வழியில் பெரியவர் வீட்டிலிருந்து சத்தம் கேட்டது. அழுகை இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவர் மூச்சு விடும் சத்தம். இட்லிக்கடை அம்மாள் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தவர் எங்களுக்கு முன்னால் நடந்தார்.

வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. கலங்கல் நிறத்தில், முழங்கால் அளவு. கரை நனைந்திருந்தது, நடக்க முடியாத அளவுக்கு இல்லை. தலையாரி வேட்டியை மடித்துக் கட்டினார். இட்லிக்கடை அம்மாள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எழுதுங்க சார்."

"என்னம்மா எழுத?"

"வாய்க்கால்ல தண்ணி கரைபொரண்டு ஓடுது. கரை ஊறிக் கெடக்கு. கால் வெச்சா ஒடைப்பு எடுத்துக்கும். தண்ணி வடிஞ்சதும் புடுங்கலாம்னு எழுதுங்க."

தலையாரி தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மடித்த வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டார். "ஆமாங்க. பயங்கர வெள்ளம்."

"உங்களுக்கு இந்தச் செடி ஆகாதே அம்மா," என்றேன்.

"இப்பவும் ஆகாது. பாக்கும்போதெல்லாம் வயிறு எரியுது." அவர் செடியைப் பார்க்கவில்லை, பெரியவர் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு போறவரைக்கும் நிக்கட்டும். அவரு போன மறுநாளு நானே வந்து புடுங்குறேன். எங்க வெக்கணும் கைநாட்டு?"

தாளை என் முழங்காலில் வைத்து எழுதினேன். வெள்ளம் கரை புரண்டு ஓடுவதாக எழுதினேன். அவர் பெருவிரலை மையில் அழுத்தி, நன்றாக, கோடுகள் தெரிய வைத்தார். பெரியவர் அதற்குப் பின் பதினெட்டு நாள் இருந்தார்.